அண்ணியின் உடைசல் கணக்கு

பேனா மூடியைப் பற்களுக்கிடையே கவ்வியபடி, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, அண்ணி தலையை நிமிர்த்துகிறார். பந்து வளையத்தை நோக்கிப் பறக்கிறது, பலகையில் மோதுகிறது, திரும்பி வருகிறது. தலை குனிந்து ஒரு பெருக்கல் குறி இடுகிறார். வளையத்துக்குள் விழுந்திருந்தால் வட்டம் இட்டிருப்பார். இவ்விரண்டையும் தவிர ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு உலகில் வேறொன்றுமில்லை. ஆடுகளத்தில் யாராவது வழுக்கி விழுந்து, "ஐயோ, இடுப்பு!" என்று அலறினால் அந்தத் தலை நிமிராது. பந்தை எறிந்துவிட்டு அலறினால் நிமிரும். எறிவைக் குறித்து முடித்த பிறகு இடுப்பைப் பற்றியும் விசாரிப்பார்.

"உடைசல்" என்று மூடிக்குப் பின்னாலிருந்து ஒரு சொல் வரும். தவறிய எறிவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது. அண்ணி பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவின் மேற்பார்வையாளர். பெல்ட்டில் நகர்ந்துவரும் தட்டுகளில் நூற்றுக்கு எத்தனை உடைந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அந்தப் பழக்கம் வேலை முடிந்ததும் சீருடையோடு கழன்றுவிடுவதில்லை. வீட்டுத் தீப்பெட்டியில் எத்தனை குச்சிகள் பற்றாமல் போயின என்பதும், மின்விசிறி எத்தனை தட்டுக்குச் சுழலத் தொடங்குகிறது என்பதும் அவருக்குத் தெரியும். கணவர் சொல்லும் நகைச்சுவைகளில் சிரிப்பு வந்தவை நூற்றுக்கு எத்தனை என்பதும் கணக்கில் உண்டு. கணவருக்கு அது இதுவரை தெரிவிக்கப்படவில்லை.

நாற்பதைக் கடந்த ஆண்களின் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு அவர் கணக்கெழுத வந்த வரலாறு சிறியது. அணித்தலைவர் அவருடைய கொழுந்தன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் "அண்ணி" என்று அழைத்ததால் அணி முழுவதும் அழைத்தது. பிறகு எதிரணிகள் அழைத்தன. இப்போது நடுவரும் அழைக்கிறார். நடுவர் அண்ணியைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பதையும் இங்கே குறித்துவிடுவது முறை.

"நாங்க எங்க தப்புப் பண்றோம்னே தெரியல அண்ணி. நீங்க வந்து உக்காந்து ஒரு கணக்கெடுங்க" என்று கொழுந்தன் கேட்டபோது, "பந்து உள்ள போகலைங்கறதுதான் தப்பு. அதைச் சொல்ல நான் எதுக்குத் தம்பி?" என்றாராம். ஆனாலும் அடுத்த ஞாயிறே நாற்காலியோடு வந்துவிட்டார்.

அணியையும் அறிமுகப்படுத்திவிடலாம். கொழுந்தன். பல் டாக்டர். பிளம்பர். புது மாப்பிள்ளை, திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விட்டபாடில்லை. ஐந்தாமவர் அண்ணியின் கணவர். பள்ளி வேன் ஓட்டுநர். மெலிந்து நெடுநெடுவென்று வளர்ந்தவர் என்பதால் ஊரார் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. மாற்று ஆட்டக்காரர் ஒருவரே. பேக்கரிக்காரரான அவர் இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு நேராக ஆட்டத்துக்கு வருவார். வந்ததும் பெஞ்சில் படுத்து உறங்கிவிடுவார். அணியில் அவர் ஒருவர்மீது மட்டும் ஒரு பெருக்கல் குறிகூடக் கிடையாது.

சென்ற பருவத்தின் முடிவில் இந்த அணிக்கு ஒரு நெருக்கடி நேர்ந்தது. பட்டியலில் கடைசியாக வரும் அணி, விளையாட்டுக் கூடத்தில் தனக்குரிய ஞாயிறு காலைப் பத்து மணி முறையை இழக்கும் என்று கூடத்தின் நிர்வாகம் அறிவித்தது. அந்த நேரத்துக்காகக் காத்திருந்தது சிரிப்புப் பயிற்சிச் சங்கம். மருத்துவர் சொன்னதற்காகச் சிரிப்பவர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். தங்கள் வருங்கால இடத்தைப் பார்த்துவைக்க அவர்கள் வாரந்தோறும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பந்து தவறும்போதெல்லாம் "ஹோ, ஹோ, ஹா, ஹா" என்று ஒரே குரலில் எழும். பயிற்சிக்குச் சிரிக்கிறார்களா, ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கேட்கக் கொழுந்தன் ஒரு முறை போனார். சங்கத் தலைவி, "எங்களுக்கே வித்தியாசம் தெரியலப்பா" என்றார்.

மூன்று ஆட்டங்கள் மீதமிருந்தன. அவற்றில் முதலாவதில் தோற்ற அன்று பிற்பகல், அண்ணியின் வீட்டு மேசையைச் சுற்றி அணி உட்கார்ந்தது. தொழிற்சாலையில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் உடைந்த பிஸ்கட்டுகளைத் தட்டில் குவித்து, தேநீர் ஊற்றி, அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"டாக்டர், உங்களுக்கு இருபது எறிவு. வட்டம் நாலு."

"நோயாளின்னா வாயைத் திறந்துட்டுக் கிட்ட வருவாங்க அண்ணி. இந்த வளையம் உயரத்துல இருக்கு, கிட்ட வரவே மாட்டேங்குது."

"பிளம்பர் தம்பி, பதினஞ்சு. வட்டம் மூணு."

"மூணு போதுமே! ஒழுகற எடம் எதுன்னு மட்டும் சொல்லுங்க, அடைச்சிடலாம்."

அடுத்த பெயருக்கு வந்ததும் அண்ணி தேநீரை ஒரு மிடறு குடித்தார். "உங்க அண்ணனுக்குப் பதினேழு" என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார். "வட்டம் ஒண்ணு. அதையும் நடுவர் செல்லாதுன்னுட்டார்."

ஒட்டடைக்குச்சி ஓர் உடைந்த பிஸ்கட்டை மிகுந்த கவனத்தோடு இன்னும் உடைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் கேட்ட கேள்வியில் எந்தச் சூதும் இல்லை. "உங்க தொழிற்சாலைல ஒரு தட்டு இந்த அளவு உடைஞ்சா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

அண்ணியின் வாய், அண்ணியைக் கேட்காமலே விடை சொல்லிவிட்டது. "லைன்லேர்ந்து எடுத்துடுவோம்."

சொன்ன பிறகுதான் அந்தத் தட்டு யாரென்று அவருக்கு உறைத்தது. பல் டாக்டர் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, "பிஸ்கட் நல்லாருக்கு" என்றார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த ஆட்டத்தைப் பாப்போம் அண்ணே. அதுலயும் இப்படின்னா, கடைசி ஆட்டத்துக்குப் பேக்கரிக்காரரை எறக்கிடலாம்" என்றார்.

எல்லாரும் போன பிறகு கணவர் குவளைகளைக் கழுவினார். அண்ணி துடைத்து வைத்தார். ஒரே குவளையைக் கணவர் மூன்றாம் முறையாகக் கழுவுவதைக் கண்டு அண்ணி பேச்சைத் தொடங்கினார்.

"ஏங்க, விழாதுன்னு உங்களுக்கே தெரியுதுல்ல? அப்புறம் ஏன் எறியறீங்க?"

"நீ நிமிர்ந்து பாக்கறதே எறியறப்பதான்."

"என்னது?"

"வாரம் பூரா நான் வீட்டுக்கு வர்றப்ப நீ ஷிஃப்டுக்குப் போயிடற. நீ வர்றப்ப நான் தூங்கிடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் ரெண்டு பேரும் சேந்து முழிச்சிருக்கோம். அன்னிக்கும் நீ குனிஞ்சே உக்காந்திருக்க. பந்தை எறிஞ்சா நிமிர்ற. அதான் எறியறேன்."

"அதுக்காகப் பதினேழு தடவையா?"

"பதினெட்டாவதுக்குக் கையைத் தூக்கிட்டேன். அதுக்குள்ள விசில் அடிச்சிட்டாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. வழக்கமாக எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று உடனே தெரிந்துவிடும் அவருக்கு, இது எதில் சேர்த்தி என்று விளங்கவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மற்றவர்கள் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பிளம்பரைத் தொலைபேசியில் அழைத்தார். பிளம்பர் எங்கோ ஒரு குழாய்க்கு அடியிலிருந்து பேசினார்.

"நான் ஓடுனதை எழுதுனீங்களா? இல்ல. குறுக்க விழுந்து தடுத்ததை? இல்ல. பந்தைப் புடிச்சு நல்லா நின்னவன் கைல குடுத்ததை? அதுவும் இல்ல. எறிஞ்சாத்தான் உங்க தாள்ல நம்ம பேருக்கு நேரா ஒரு குறி விழுது. பெருக்கலா இருந்தா என்ன, குறி குறிதானே? எழுதாத வேலையை எவன் அண்ணி செய்வான்?"

ஒரு பிஸ்கட்டுக்குத் தன்னை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. எண்ணுகிறவரின் கண்ணில் படவேண்டும் என்று அது பெல்ட்டிலிருந்து துள்ளுவதில்லை. இத்தனை ஆண்டுகளில் அண்ணி எண்ணியவற்றுள், எண்ணுகிறவரைத் திரும்பிப் பார்த்தவர்கள் இந்த ஐவரே முதல். பிழை எறிகிறவர் கையில் மட்டும் இல்லை, தம் பேனாவிலும் இருக்கிறது என்று கண்டுகொண்ட அண்ணி, மறு ஞாயிறு தாளில் புதிய கட்டங்களை வரைந்துகொண்டு வந்தார். இனிப் பந்தைத் தோழருக்குக் கொடுப்பதும் எழுதப்படும்; பிழையில்லாமல் கொடுத்தால் வட்டம். எல்லாரையும் கூட்டி வைத்து இதை விளக்கவும் செய்தார். விளக்காமல் இருந்திருக்கலாம்.

அந்த ஆட்டத்தைக் கண்டவர்கள் அதைப் பற்றி இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். பந்து, விருந்து வீட்டில் தண்ணீர்ச் செம்பைப்போல, கைக்குக் கை மரியாதையாக நகர்ந்தது. பிளம்பர் டாக்டருக்குக் கொடுத்தார். டாக்டர் புது மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். வளையத்துக்கு நேர்க்கீழே, எதிராளி ஒருவர்கூட இல்லாத இடத்தில் நின்ற புது மாப்பிள்ளை, "நீங்க போடுங்க" என்று திரும்ப டாக்டருக்கே கொடுத்தார். "சே சே, நீங்கதான் கிட்ட இருக்கீங்க" என்றார் டாக்டர். நேரம் கடந்துவிட்டதென்று நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்தார். பின்பாதியில் கொடுக்க வேறு ஆளில்லாமல் டாக்டர் அவருக்கும் ஒரு முறை கொடுத்துவிட்டார். ஒட்டடைக்குச்சி, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த தம்பியின் முதுகுக்குப் பந்தைக் கொடுத்தார். அண்ணியின் தாள் வட்டங்களால் நிறைந்து வழிந்தது. எதிரணி வென்ற விதத்தைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். சிரிப்புச் சங்கத்தில் இருவர், "இன்னிக்குப் பயிற்சி போதும், வயிறு வலிக்குது" என்று பாதியிலேயே வீட்டுக்குப் போனார்கள்.

"கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் கூடம் நமக்கு" என்றார் கொழுந்தன், வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில். பிறகு அண்ணனின் முகத்தைப் பாராமல், "பேக்கரிக்காரர் எறங்கட்டும்ணே" என்றார்.

"சரிடா" என்றார் அண்ணன். "அவரை எழுப்பற வேலையை நான் பாத்துக்கறேன்."

அந்த விதியைத் தம் வாயால் சொன்ன அண்ணி என்ன சொல்லி மறுப்பார்? கடைசி ஆட்டத்துக்கு ஒரு கூடுதல் சங்கடமும் சேர்ந்தது. நேரம் எப்படியும் சிரிப்புச் சங்கத்துக்குத்தான் போகப்போகிறது என்று உறுதியாக நம்பிய கூடத்துக் காவலாளி, அன்று காலையே வளையங்களில் தொங்கிய வலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டார். "ஈரமா இருக்கு, வேணும்னா மாட்டித் தரவா?" என்று கேட்டார். வேண்டாமென்றுவிட்டார்கள். வெறும் இரும்பு வளையங்களோடு ஆட்டம் தொடங்க இருந்தது.

அப்போது அண்ணி எழுந்து, நாற்காலியைத் தூக்கி, அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கொழுந்தன் ஓடி வந்தார். "என்ன அண்ணி, கோவமா?"

"கோவம் என்ன தம்பி? எழுதறதை என்னால நிறுத்த முடியாது. நான் எப்போ எழுதறேன்னு நீங்க பாக்கறதை நிறுத்தலாம்ல?"

"பாக்காம எப்படி எழுதுவீங்க?"

"காது எதுக்கு இருக்கு? பெல்ட்டுல தட்டு வர்ற சத்தத்துலயே உள்ள எத்தனை உடைஞ்சிருக்குன்னு சொல்லுவேன். போங்க, போய் ஆடுங்க."

பெஞ்சில் இருந்த கணவர் நீண்ட கழுத்தை இன்னும் நீட்டினார். "நான் ஒருவேளை எறங்குனாலும் பாக்க மாட்டியா?"

"பாக்க மாட்டேன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "கேட்டுட்டிருப்பேன்."

சிரிப்புச் சங்கத் தலைவிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. தம் நாற்காலியையும் சுவர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் புரியாததால் மறுபடி திருப்பிக்கொண்டார்.

காதால் எழுதுவது அண்ணிக்கு எளிதாகவே இருந்தது. பிளம்பரின் காலணி எலிக்குஞ்சுபோல் கீச்சிடும். பல் டாக்டர் ஒவ்வொரு எறிவுக்கு முன்பும் பழக்கதோஷத்தால், "வலிக்காது, வலிக்காது" என்பார். புது மாப்பிள்ளை மூச்சை இழுப்பது வீதிவரை கேட்கும். கொழுந்தன் எறிவதற்கு முன் தம்மையே, "போடுடா" என்று அதட்டிக்கொள்வார். ஆள் யார் என்பது இப்படித் தெரியும். பலகையில் பட்டால் ஒரு சத்தம்; வளையத்தில் பட்டால் வேறு சத்தம்; அதற்குப் பிறகு தரையில் எழும் சத்தத்தில் மற்றது விளங்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் காது கைவிட்டது. வலை இல்லாததால், எதிலும் உரசாமல் நடுவாக விழும் பந்துக்கும், எதையுமே தொடாமல் அகன்று போகும் பந்துக்கும் சத்தமே இல்லை. இரண்டும் ஒன்றுதான்: வெறும் அமைதி. அந்த மாதிரி நேரங்களில் அண்ணி பேனாவை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, அணியின் ஆரவாரமோ சங்கத்தின் "ஹோ, ஹோ"வோ வரும்வரை காத்திருந்தார். ஆதாரம் இல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டார் என்பது குடும்பத்தில் எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் வெகு சில செய்திகளுள் ஒன்று.

பார்க்க ஆளில்லை என்றானதும் அணி என்ன செய்வதென்று அறியாமல் கூடைப்பந்து ஆடத் தொடங்கியது. எறிய வேண்டியபோது எறிந்தார்கள். கொடுக்க வேண்டியபோது கொடுத்தார்கள். முதல் சில நிமிடங்களில் பிளம்பர் பழக்கத்தால் நாற்காலிப் பக்கம் திரும்பினார். அண்ணியின் பின்னல் மட்டுமே தெரிந்தது. திரும்பிப் போய்ப் பந்தைப் பிடுங்கினார். பேக்கரிக்காரரும் முதற்பாதி முழுவதும் விழித்தே ஆடினார். இடைவேளையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான்கு பேர் நான்கு விதமாக உலுக்கினார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்தும் பார்த்தார். "ரெண்டாவது அடுப்பை அணைச்சிடு" என்று தூக்கத்தில் தெளிவாகக் கட்டளையிட்டுவிட்டு அவர் மறுபக்கம் புரண்டு படுத்தார்.

சுவரைப் பார்த்திருந்த அண்ணிக்கு இவை எதுவும் தெரியாது. பின்பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் பின்னால் எங்கோ ஒரு சிறு சொடக்குச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். நெடிய ஆள் குனிந்து நிமிரும்போது இடது முழங்காலில் எழும் சொடக்கு அது. அந்த முழங்காலோடு இத்தனை ஆண்டுகள் குடித்தனம் நடத்துகிறவருக்கு அடையாளம் தெரியாதா?

ஆனால் கணவர் எறியவில்லை. பாதி கடந்தது, முக்கால் கடந்தது, சொடக்கு இங்கும் அங்கும் நகர்ந்தது, பந்து அவர் கைக்கு வந்து வந்து வேறு காலணிகளுக்குப் போயிற்று. "நல்லாக் குடுத்தே அண்ணே!" என்று கொழுந்தன் இரண்டு முறை கத்தினார். அண்ணி அவற்றுக்குரிய கட்டத்தில் வட்டம் இட்டார். கணவரின் எறிவுக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதைப் பார்க்க அண்ணிக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அடிக்கடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளிதாண்டா பின்னாடி இருக்கோம்! நேரமில்ல, நேரமில்ல!" என்று கொழுந்தன் அலறினார். பிளம்பரின் கீச்சு ஓடியது. "வலிக்காது, வலிக்காது" என்று தொடங்கிய டாக்டர் எறியாமல் பாதியில் நிறுத்தி, "ஒட்டடை! நீங்கதான் தனியா நிக்கறீங்க! புடிங்க!" என்று கூவினார். பந்து இரு உள்ளங்கைகளில் வந்து பதிந்தது.

சிரிப்புச் சங்கம் வாயடைத்துப் போயிருந்தது.

முழங்கால் சொடுக்கியது.

அதன்பின் பலகையின் சத்தம் இல்லை. வளையத்தின் சத்தமும் இல்லை. வெறும் அமைதி. அண்ணியின் பேனா அந்தரத்தில் காத்திருக்கவில்லை. கணவரின் பெயருக்கு நேரே, வெறுமையாகக் கிடந்த கட்டத்தில், நிதானமாக ஒரு வட்டம் இட்டது. தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து மூடியது.

அதற்குப் பிறகுதான் கூடம் அதிர்ந்தது. கூச்சலும் விசிலும் ஒன்றாக எழுந்தன. தங்கள் பத்து மணி பறிபோனதையும் மறந்து சிரிப்புச் சங்கத்தார், எண்ணிக்கையில்லாமல், ஆளுக்கொரு தாளத்தில் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் துள்ளி எழுந்து, "என்ன கருகுது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

ஒட்டடைக்குச்சி தம்பியின் பிடியிலிருந்து விடுபட்டு, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த குறுகிய இடத்தில் பக்கவாட்டாக நுழைந்து, மூச்சு வாங்கியபடி மனைவியின் முன் வந்து நின்றார்.

"பாத்தியா?"

"பாக்கல."

"சத்தமாவது கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்போ இன்னும் எழுதியிருக்க மாட்ட" என்றார், தாளை எட்டிப் பார்ப்பதற்காகத் தம் முழு உயரத்தையும் மடக்கிக் குனிந்து.

அண்ணி விரித்த உள்ளங்கையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டார்.